ஒண்ட வந்த பிடாரி! பூச்சட்டியில் வந்த உண்ணிச் செடி மலையைப் பிடித்த கதை

திண்டுக்கல் என்றால் பூட்டு. திண்டுக்கல் என்றால் பிரியாணி. இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் மூன்றாவதாகப் பூவையும் சேர்த்துக் கொள்வார்கள். நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகை விடியும் முன்பே சந்தைக்கு வந்து, கிலோக் கணக்கில் விலையாகி, பொழுது ஏறுவதற்குள் வெளியூருக்குப் பயணமாகிவிடும். முகூர்த்த நாளில் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஆனால் இந்த ஜில்லாவில் இன்னொரு பூ இருக்கிறது. அதை யாரும் சரமாகத் தொடுப்பதில்லை. எந்தச் சந்தையிலும் எடை போடுவதில்லை. ஆனாலும் மல்லிகையைவிட அதிகமான விலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிற பூ அதுதான். காசாக வாங்கவில்லை, மேய்ச்சல் நிலமாக, காட்டுப் புல்லாக வாங்குகிறது.

அந்தப் பூவின் பெயர் உண்ணிப் பூ.

ஒரு வார்த்தை, இரண்டு இடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, திண்டுக்கல் ஊர் எல்லையில் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் கொஞ்சம் வெறும் தரை. அதை மூடினாற்போல் படரவேண்டும். தண்ணீரும் அதிகம் கேட்கக் கூடாது. அப்படி ஒரு செடி வேண்டும் என்று சொன்னேன்.

நர்சரிக்காரர் யோசிக்கவே இல்லை. குட்டையான ஒரு செடியை எடுத்து முன்னால் வைத்தார். சின்னச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாய் இருந்தன. ஒரு சட்டியில் மஞ்சள், ஒன்றில் ஊதா, இன்னொன்றில் மஞ்சளும் சிவப்பும் கலந்து, பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது.

"இதை வாங்கிட்டுப் போங்க சார். வெயில் தாங்கும். உரம் வேண்டாம். முக்கியமா ஒண்ணு, ஆடு மாடு வாய் வைக்காது!"

நாளை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்று பிற்பகல் ஒரு சினேகிதருடன் சிறுமலைக்குப் போகவேண்டியிருந்தது. நத்தம் சாலையில் போய்த் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கினோம். எதிரே, சாலையின் இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்குப் புதர். அதில் கொத்துக் கொத்தாய்ப் பூ. காலையில் சட்டியில் பார்த்த அதே முகம்!

பக்கத்தில் ஒரு பெரியவர் பத்துப் பதினைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். ஆடுகள் புதரைத் தாண்டி, சாலை ஓரத்தில் துளிர்த்திருந்த பசுமையைத் தேடித் தேடிக் கொறித்தன.

"ஏன் பெரியவரே, பக்கத்திலேயே இவ்வளவு பச்சை இருக்கிறதே, அதை விட்டுவிட்டு இப்படி அலைகிறதே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.

"பச்சை இருந்து என்ன தம்பி செய்ய? உண்ணிச் செடியில்ல அது. ஆடு மாடு வாய் வைக்காது!"

காலையில் ஒருவர் பெருமையாகச் சொன்ன வார்த்தை. பிற்பகலில் இன்னொருவர் வயிற்றெரிச்சலோடு சொன்ன வார்த்தை. எழுத்துக்கூட மாறவில்லை. வாசலில் வைத்தால் வரம். மலையில் நின்றால் சாபம். இது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கப் புறப்பட்டேன். விஷயம் நம் சிறுமலையில் தொடங்கிக் கடல் தாண்டிப் போய்விட்டது!

யார் இந்த உண்ணி?

வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் செடியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. நாற்கோணத் தண்டு, வளைந்த சின்ன முள், சொரசொரப்பான இலை. இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் ஒரு காரமான நெடி. பூத்து முடிந்ததும் பச்சைக் குண்டுமணி போல் காய்த்து, பழுத்தால் கறுத்து மினுமினுக்கும். கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு வருவார்கள். பச்சைக் காயோ விஷம். ஆகையால் அந்தப் பக்கமே போகாமலிருப்பது உத்தமம்.

நாம் உண்ணி என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் நாயுண்ணி என்பார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் லாண்டனா கமாரா. 1753ல் அந்தப் பெயரைச் சூட்டியவர், செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ்.

ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் எப்படி வந்தன என்று நீங்கள் யோசித்ததுண்டா? 1877லேயே, பிரேஸிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் மியூல்லர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்த பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. மஞ்சள் பூவில்தான் தேன் அதிகம். பூ பழையதாக ஆக நிறம் மாறிவிடும். 'இங்கே சரக்கு இல்லை, பக்கத்துக் கடைக்குப் போ' என்று வண்ணத்துப்பூச்சிக்குப் பலகை மாட்டிய மாதிரி! பழைய பூக்கள் உதிராமல் நிற்பதால் கொத்து தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. கிட்டே வந்த பூச்சியோ வீணாக அலையாமல் மஞ்சள் பூவுக்குப் போகிறது.

இப்படிச் சாமர்த்தியமான செடி, வந்த இடத்தில் பிழைக்காமல் இருக்குமா?

கப்பலில் வந்த அழகி

உண்ணியின் பிறந்தகம் அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் இதோடு அதைக் கலந்து, அதோடு இதைக் கலந்து, நிறம் நிறமாக நூற்றுக்கணக்கான ரகங்களை உண்டாக்கினார்கள். ஆக, இன்று நம் மலையில் நிற்பது அசல் காட்டுச் செடிகூட அல்ல. மனிதன் கை வைத்து, சீவிச் சிங்காரித்து அனுப்பிய செடி.

இந்தியாவுக்கு அது வந்தது 1809 வாக்கில். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் அலங்காரச் செடியாக நட்டார்கள். அங்கிருந்து பங்களாத் தோட்டங்களுக்கும், கன்டோன்மென்ட் வேலிகளுக்கும், மலைத் தோட்டங்களுக்கும் போயிற்று. வேலி தாண்ட எத்தனை நாள் ஆகும்? முள் இருக்கிறது, மாடு தின்னாது, வெட்டினால் இரண்டாய்க் கிளைக்கிறது. வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வைத்தவர்களே மற்றவர்களுக்கும் போத்து வெட்டிக் கொடுத்தார்கள்.

200 வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டார்கள். 2020ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் உண்ணி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! நம் ராஜ்யத்தை, ஊரும் வயலும் கடற்கரையும் உட்பட, அப்படியே தூக்கி வைத்தாலும் அதற்குள் அடங்கிப் போகும்.

'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது' என்று நம் பாட்டிமார் சொன்னது இதைப் பார்த்துத்தானோ என்னவோ!

பாலைவனப் பட்டணத்தில் பரம சாது

இதில் ஒரு வேடிக்கை. இதே உண்ணி இன்னொரு ஊரில் பரம சாதுவாக வாழ்கிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்துத் தலைநகர் பீனிக்ஸ், பாலைவனத்துக்கு நடுவே எழுந்த பட்டணம். வருஷத்துக்கு 7, 8 அங்குல மழை பெய்தால் அதிகம். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையாமல் வெயில் கொளுத்திய ஊர் அது. அந்த ஊரில் வீட்டு வாசல், கடை வாசல், சாலைத் தடுப்பு என்று எங்கே பார்த்தாலும் தரையை மூடிப் படர்ந்திருப்பது நம் உண்ணியும், அதன் ஊதாப் பூச் சகோதரியும்தான். அந்த வெயிலில் அப்படிப் பூக்கிற செடிகள் அதிகம் இல்லை.

அங்கே மட்டும் ஏன் அடங்கிக் கிடக்கிறது? செடியின் நல்ல குணம் அல்ல காரணம். சொட்டு நீர்க் குழாய் போகிற இடத்தில் செடி இருக்கும். குழாய் முடிந்த இடத்தில் பாலைவனம் ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் கிளைகள் கருகிவிடும். வசந்தத்தில் வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க விடுவார்கள். மேலே உறைபனி, கீழே வறட்சி. இந்த இரண்டு காவல்காரர்களும் அங்கே கண்ணைக் கொட்டாமல் நிற்கிறார்கள்.

திண்டுக்கல்லும் வெயிலூர்தான். ஆனால் பீனிக்ஸைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இங்கே மழை பெய்கிறது. உறைபனி என்பதை அடிவாரத்தில் யாரும் பார்த்ததே இல்லை. காவலும் இல்லை, கதவும் இல்லை. செடி வெளியே வராமல் என்ன செய்யும்?

மைனா செய்த உபகாரம்

செடிக்குக் கால் இல்லை. மலை ஏறியது எப்படி? பறவை ஏற்றிவிட்டது. நன்றாக வளர்ந்த ஒரு புதர் வருஷத்துக்கு 12,000 பழம்வரை பழுக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கொண்டைக் குருவியும் மைனாவும் அதைத் தின்று, வேறொரு மரக்கிளையில் போய் உட்கார்ந்து, எச்சத்தோடு விதையைப் போடுகின்றன. சதை நீங்கிய விதை சுலபமாக முளைக்கும். எந்த மரத்தடியில் உண்ணிக் கன்று முளைத்திருக்கிறதோ, அந்தக் கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது என்று பொருள்.

இந்த உபகாரத்தை நம் மைனா கடல் கடந்தும் செய்திருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன அல்லவா? அங்கே 1858ல் ஹில்லெப்ராண்ட் என்ற டாக்டர் அலங்காரத்துக்காக உண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். 1865ல் அதே டாக்டர், பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடிப்பதற்காக இந்தியாவிலிருந்து மைனாவை வரவழைத்தார். மைனா புழுவையும் தின்றது. உண்ணிப் பழத்தையும் தின்றது! பிறகு கேட்கவேண்டுமா? மாடு மேய்ப்பவர்கள் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்ப ஆரம்பித்தார்கள்.

1902ல் கோபெலே என்ற பூச்சி நிபுணர் மெக்ஸிகோவுக்குப் போய், உண்ணியைத் தின்னும் 23 வகைப் பூச்சிகளைத் தேடிப் பிடித்து ஹவாய்க்கு அனுப்பினார். அவற்றில் 8 வகை அங்கே நிலைத்தன. சில இடங்களில் உண்ணி கொஞ்சம் தணிந்தது, ஒழியவில்லை.

கள்ளிக்கு ஆயிற்று, உண்ணிக்கு ஆகவில்லை

பூச்சியை ஏவிச் செடியை ஒழிப்பதா என்று ஆச்சரியப்படவேண்டாம். நம் ஊரிலேயே அது நடந்திருக்கிறது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளியைச் சப்பாத்திக் கள்ளி அடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான். ஊரைச் சுற்றிக் கள்ளி. வழியை மறித்துக் கள்ளி. அதற்குள் பாம்பும் தேளும். 1926ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொச்சினீல் என்று பெயர். கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கும். நசுக்கினால் ரத்தம்போல் சிவப்பாகும். சில வருஷங்களில், கோடரியும் நெருப்பும் செய்யாத வேலையை அது செய்து முடித்தது. கள்ளிக்காடுகள் அழுகிச் சரிந்தன.

அதே யோசனையை உண்ணிக்கும் செய்து பார்த்தார்கள். 1921ல் ஒரு சிறு ஈ. 1941ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு வரவழைத்த ஒரு நாவாய்ப்பூச்சி. இந்த இரண்டாவது பூச்சி உண்ணியோடு தேக்கம் பூவையும் ருசி பார்க்கும் என்று பரிசோதனையில் தெரிந்தது. பதறிப்போய் இருப்பை அழித்தார்கள். ஆனாலும் சில பூச்சிகள் தப்பி வெளியே போய்விட்டன! நல்ல வேளையாகத் தேக்குக்குப் பெரிய சேதம் வரவில்லை. உண்ணிக்கும் வரவில்லை.

காரணம் என்னவென்றால், சப்பாத்திக் கள்ளி ஒரே ரகம். உண்ணியோ தோட்டக்காரர்கள் கலந்து கலந்து உண்டாக்கிய பல ரகம். ஒரு ரகத்தைத் தின்னும் பூச்சி இன்னொன்றைச் சீண்டாது. அழகுக்காகச் செய்த வேலை அதற்கே கவசமாகிவிட்டது.

ஆட்டுக்கு ஏன் ஆகாது?

இனி நம் பெரியவரின் ஆடுகளுக்கு வருவோம்.

உண்ணி இலையில் லாண்டடீன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. பழகிய கால்நடை நெடியை முகர்ந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் வறட்சிக் காலத்தில் வேறு பச்சை இல்லாமல் போனாலோ, புதிதாக ஓட்டி வந்த மாடானாலோ பசியில் தின்றுவிடுவது உண்டு. அப்போது நச்சு ஈரலைத் தாக்கும். மஞ்சள் காமாலை காணும். அது மட்டுமல்ல, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். வெள்ளை மாட்டுக்கு இந்த அவதி அதிகம். நிழலில் கட்டி உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடவேண்டும்.

தின்றால் நோய். தின்னாவிட்டால் பட்டினி. ஏனென்றால் உண்ணி அடர்ந்த இடத்தில் புல் எழும்பாது. வெளிச்சத்தை அது மறைத்துவிடுகிறது. மண்ணில் மற்றச் செடியின் கன்று தலை தூக்கவும் விடுவதில்லை. அடர்ந்த சோலைக் காட்டின் நிழலில் உண்ணிக்கு வேலை இல்லை. மரத்தை வெட்டிய இடம், சாலை போட்ட ஓரம், கைவிட்ட தோட்டம், அதிகமாக மேய்ந்து மொட்டையான சரிவு, இவைதான் அதற்கு வீடு. நாம் கதவைத் திறந்துவிட்டோம். அது உள்ளே வந்து பாய் போட்டுப் படுத்துக்கொண்டது.

இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, கர்நாடகத்தில் பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே 1997ல் ஆராய்ச்சியாளர்கள் பார்வையிட்ட இடங்களில் 100க்கு 41ல் உண்ணி இருந்தது. 2008ல் மறுபடி பார்த்தபோது 100க்கு 81! பதினோரு வருஷத்தில் இரட்டிப்பு. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் சோளகர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். வருஷ ஆரம்பத்தில் தரையிலுள்ள சருகுக்கு லேசாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். அது நின்ற பிறகுதான் உண்ணி இப்படிக் கிளம்பியது என்பது அவர்கள் அபிப்பிராயம்.

இப்போது தீ வைத்தால் என்ன என்று கேட்கலாம். காலம் கடந்துவிட்டது. புதர் ஆள் உயரம் நின்றால், அது தீக்கு ஏணி. தரையில் ஊர்கிற நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டு மரத்து உச்சிக்கு ஏறிவிடும். மரம் கருகும், உண்ணியோ அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்!

இதெல்லாம் மலைக்காரர் கவலை என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கக்கூடாது. சிறுமலை வாழைப்பழம் அந்த மண்ணின் விசேஷம்; புவிசார் குறியீடு பெற்றது. பலாவும் எலுமிச்சையும் காப்பியும் அங்கே விளைகின்றன. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து இன்னும் குதிரை முதுகில் சுமை இறங்குகிறது. புல் குறைந்தால் காட்டுமாடு அந்தத் தோட்டத்தைத் தேடி வராமல் என்ன செய்யும்? அடிவாரத்தில் மேய்ச்சல் சுருங்கினால், அய்யலூர் வாரச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர் கை சுருங்காதா? திண்டுக்கல் பிரியாணியைப் புகழ்கிறோம். அந்தப் பிரியாணி எங்கோ ஒரு சரிவில் புல்லாக இருந்ததை மறந்துவிடுகிறோம்!

தலைகீழாய் நிறுத்து!

சரி, ஒழிக்க வழியே இல்லையா? இருக்கிறது. பூச்சியும் வேண்டாம், விஷ மருந்தும் வேண்டாம். ஒரு கடப்பாரை போதும்; பொறுமை நிறைய வேண்டும்.

டெல்லி சர்வகலாசாலைப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய சகாக்களும் உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இது. புதரை மேலோடு வெட்டினால் பயனில்லை. ஒன்று பத்தாய்க் கிளைக்கும். வேரோடு பெரிதாகத் தோண்டினாலும் நல்லதல்ல. கிளறிய மண்ணில் விதைகள் முளைக்கும். ஆகவே மண்ணுக்குக் கீழே 2, 3 அங்குல ஆழத்தில் ஆணிவேரை மட்டும் வெட்டவேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி, வேர் மேலாகவும் கிளை கீழாகவும் தலைகீழாய் நிறுத்திவிடவேண்டும். வேர் மண்ணைத் தொடாது, வெயிலில் காய்ந்துபோகும்.

அதோடு வேலை முடிந்துவிடாது. பறவை உட்காரும் மரத்தடிகளைக் கவனித்து, முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். காலியான இடத்தில் நம் ஊர்ப் புல்லும் மரமும் வைக்கவேண்டும். வெறும் தரையாக விட்டால் உண்ணியே திரும்பி வரும். அல்லது அதன் பங்காளி வேறொன்று வரும்.

தமிழ்நாட்டு அரசு, அந்நியக் களைச் செடிகளை அகற்றிக் காட்டைச் சீர்படுத்துவதற்கென்று 2022ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சென்னை ஹைகோர்ட்டும் இந்த விஷயத்தில் தொடர்ந்து கேள்வி கேட்டு முடுக்கிவந்திருக்கிறது. காகிதத்தில் வேர் பிடித்த கொள்கை மலையில் வேரை வெட்டவேண்டும்.

உண்ணி யானை ஆனது

வெட்டிய உண்ணியை என்ன செய்வது? இங்கேதான் ஏழை ஜனங்களின் கைத்திறமை முன்னால் வருகிறது.

மாதேஸ்வரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பக்கத்து மலைவாசிகள் உண்ணித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, பிரம்பு போல் வளைத்து நாற்காலியும் மேஜையும் கூடையும் செய்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்கு இந்த வேலையைப் பழக்கியது. பிரம்பு வாங்கக் காசு வேண்டும். உண்ணிக்கு அரிவாள் போதும்.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். உண்ணித் தண்டைக் கொண்டு அசல் யானை அளவுக்கு யானை உருவங்கள் செய்தார்கள். ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் உண்மையாக உலாவும் யானையைப் பார்த்துச் செய்தது. 2021ல் அப்படி 100க்கும் மேற்பட்ட யானைகள் லண்டன் மாநகரத்துப் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. வெள்ளைக்காரர்கள் கப்பலில் அனுப்பிய பூச்செடி, 200 வருஷம் கழித்து யானையாகித் திரும்பிப் போயிற்று!

ஆனால் நாற்காலி செய்தே மலையைக் காலி செய்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. மலை பெரிது, கை சிறிது. வேரை வெட்டுகிறவருக்குக் கூலியோடு கூடுதலாக நாலு காசு கிடைக்க அது வழி. அவ்வளவே.

நம் வாசலில்...

மலையில் வேரை வெட்ட ஆள் வேண்டும், பணம் வேண்டும், சர்க்கார் வேண்டும். ஆனால் நம் வாசலில் ஒன்றை வைக்காமலிருப்பதற்கு யார் வேண்டும்?

மறுநாள் அந்த நர்சரிக்குச் சொன்னபடி போனேன். "இது மலையிலே கிடக்கிற உண்ணிதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"அது காட்டு உண்ணி சார். இது ஐப்ரிட்! காயே பிடிக்காது" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. சில புது ரகங்கள் அதிகம் காய்ப்பதில்லை. ஆனால் காய்க்காத செடியின் மகரந்தமும் பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு காட்டுச் செடிக்குப் போகலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். கல்கத்தாவில் நட்டவர்கள்கூடத் தோட்டத்துக்குள் இருக்கட்டும் என்றுதான் நட்டார்கள்.

அயல்நாட்டுச் செடி எல்லாமே விரோதி என்று நான் சொல்லவரவில்லை. மிளகாயும் தக்காளியும் கப்பலில் வந்தவைதான். அவை இல்லாமல் நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. வைத்த இடத்தில் நிற்கிறதா, வேலி தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. நின்றால் விருந்தாளி. தாண்டினால் பிடாரி.

வேறு என்ன வைக்கலாம்? வேலிக்குக் கிளுவை இருக்கிறது, நொச்சி இருக்கிறது. வெயிலில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்க நம் ஆவாரை இருக்கிறது. வாசலுக்கு இட்லிப் பூ, கனகாம்பரம்.

"ஆவாரங் கன்று இருக்குதா?" என்று கேட்டேன்.

"ரோட்டோரம் சும்மா கிடக்கிறதை யார் சார் காசு கொடுத்து வாங்குவாங்க?" என்று அவர் சிரித்தார்.

நியாயமான கேள்விதான். சும்மா கிடைப்பதை மதிக்கமாட்டோம். கப்பலில் வந்தால் காசு கொடுத்து வாங்குவோம். கடைசியில் இரண்டு இட்லிப் பூவும் ஒரு செம்பருத்தியும் வாங்கி வந்து வைத்தேன்.

நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஆடு செம்பருத்தியின் இலையைச் சாவதானமாக மென்றுகொண்டு நிற்கிறது! பாதிச் செடியைக் காணோம். விரட்டுவதற்குக் கையை ஓங்கினேன். அடிவாரத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார். கை தானாக இறங்கிவிட்டது.

ஆடு வாய் வைக்கிற செடிதான் நமக்கு ஆகிற செடி. செம்பருத்திக்கு ஒரு முள்வேலி கட்டினால் தீர்ந்தது. மலைக்கு அப்படி யார் வேலி கட்டமுடியும்?